எட்டு மில்லிமீட்டர்

ஷ்யாமளாவுக்குத் தன் வேகத்தில் ஒரு கர்வம் இருந்தது. பம்பாய் கோட்டைப் பகுதியில் ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடியில், பாலங்களுக்கு வடிவமைப்பு செய்யும் அந்த ஆபீசில், கணக்குப் போடுவதற்கு மூன்று பேர் இருந்தார்கள். மற்ற இருவரும் ஆண்கள், அவளைவிட வயதில் மூத்தவர்கள். கைப்பிடியைச் சுற்றிச் சுற்றிப் பெருக்கும் எந்திரத்தில் அவர்கள் ஒரு தாளை முடிப்பதற்குள் அவள் இரண்டு முடித்துவிடுவாள். முடித்த தாள்களை மேஜை ஓரத்தில் அடுக்கி வைக்கும்போது அவர்கள் பக்கம் ஒரு தடவை பார்க்காமல் இருக்க அவளால் முடிந்ததில்லை.

அவளை அந்த ஆபீசுக்குள் கொண்டுவந்தவர் தலைமை வடிவமைப்பாளர் வேங்கடசுப்ரமணியன். ஒரு பெண்ணை இந்த வேலைக்கு வைத்தால் சரிப்படுமா என்று முதலாளிகள் தயங்கியபோது, ஆறு மாதம் பாருங்கள் என்று கேட்டு வாங்கினார். ஆறு மாதம் மூன்று வருடமாகியிருந்தது. ஷ்யாமளா போட்ட கணக்கை இப்போதெல்லாம் அவர் சரிபார்ப்பதுகூட இல்லை. ‘சரிபார்த்தவர்’ என்று அச்சடித்த இடத்தில் கையெழுத்தைப் போட்டுவிட்டு அடுத்த தாளுக்குப் போய்விடுவார். அது அவர் தனக்குத் தரும் மரியாதை என்று அவள் நினைத்தாள். மாட்டுங்காவில் வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொல்லவும் செய்தாள்.

அறுபத்து நான்காம் வருடம் அவர்கள் கையில் இருந்தது டிராம்பே பக்கம் ஒரு உப்பங்கழியின் மேல் கட்ட வேண்டிய பாலம். இருபது மீட்டர் நீளத்தில் முப்பது கர்டர்கள், அதாவது பாலத் தளத்தைத் தாங்கும் காங்கிரீட் உத்தரங்கள். கழிக்கரையிலேயே ஒரு யார்டு போட்டு, கர்டர்களைத் தரையில் வார்த்து, கம்பி இழுத்து, பிறகு தூக்கி வைப்பதாகத் திட்டம்.

காங்கிரீட்டுக்கு ஒரு குணம் உண்டு. எவ்வளவு அழுத்தினாலும் தாங்கும், இழுத்தால் விட்டுவிடும். கர்டரின் மேல் லாரி ஏறினால் நடுப்பகுதி தொய்யப் பார்க்கும், அடிப்பக்கம் இழுபடும், விரிசல் காணும். அதனால் லாரி ஏறுவதற்கு முன்பே கர்டரை நெருக்கிக் கட்டி வைத்துவிடுவது இந்த முறை. வார்க்கும்போதே உள்ளே தகரக் குழாய்களைப் புதைத்து, பன்னிரண்டு எஃகுக் கம்பிகளைச் சேர்த்த கேபிளை அவற்றில் ஓடவிடுவார்கள். காங்கிரீட் நன்றாக இறுகிய பிறகு, ஒரு முனையைப் பிணைத்துவிட்டு மறுமுனையில் ஜாக்கியை மாட்டி, ஐம்பது டன் விசையில் கம்பிகளை இழுப்பார்கள். இழுத்த நிலையிலேயே கோன் என்கிற கூம்பை அடித்து இறுக்கிவிட்டால் கம்பி திரும்பிப் போக முடியாது. போகத் துடிக்கும் அந்தக் கம்பி கர்டரை இரண்டு முனையிலிருந்தும் சேர்த்து நெருக்கிக்கொண்டே இருக்கும். கடைசியில் குழாய்க்குள் சிமெண்ட் பாலை ஏற்றி அடைத்துவிட்டால், அதன்பிறகு யாரும் அந்தக் கம்பியைக் கண்ணால் பார்க்கப் போவதில்லை.

ஐம்பது டன் வந்துவிட்டது என்பதற்கு யார்டில் இரண்டு சாட்சிகள். ஜாக்கியின் எண்ணெய் அழுத்தத்தைக் காட்டும் கேஜ் ஒன்று. கம்பி எவ்வளவு நீண்டிருக்கிறது என்று அளக்கும் ஸ்கேல் மற்றொன்று. இரண்டும் ஒத்துப்போக வேண்டும். இவ்வளவு அழுத்தத்துக்கு இவ்வளவு நீளம் என்று முன்கூட்டியே கணக்கிட்டு யார்டுக்கு அனுப்பும் தாள்தான் ஷ்யாமளாவுடையது. முதல் பத்து கர்டர்களுக்கு அவள் கணக்கு நூற்று ஐந்து மில்லிமீட்டர்.

நூற்றுக்கணக்கான கேபிள்களுக்குக் கணக்குப் போட்டும் அவள் ஒன்றைக்கூடக் கண்ணால் பார்த்ததில்லை. அந்த ஆகஸ்டு மாதம், மழை விட்டிருந்த ஒரு சனிக்கிழமை காலையில், வேங்கடசுப்ரமணியன் அவளை யார்டுக்குக் கூட்டிப்போனார். செம்பூரில் ரயிலை விட்டு இறங்கி டிராம்பே பஸ் பிடித்து, சேற்றில் பலகை போட்ட வழியாக நடந்து போனார்கள். காண்ட்ராக்ட் கம்பெனியின் எஞ்சினியர் சங்கரன் அவர்களுக்குச் சுற்றிக் காட்டினார். ஆனால் அவளுக்கு அன்று மனதில் நின்றவர் ஜாக்கி வேலை செய்த ஜெயினுலாப்தீன்தான்.

கடையநல்லூர்க்காரர். முப்பத்தைந்து வயதுக்குள் இருக்கும். எட்டு வருடமாக இதே வேலை. ஒல்லியான உடம்பு, அதிகம் பேசாத சுபாவம். இழுப்பு நடக்கும்போது ஜாக்கிக்குப் பின்னால் யாரையும் நிற்க விடமாட்டார். கம்பி அறுந்தால் துப்பாக்கிக் குண்டு மாதிரிப் பின்னால் பாயும் என்பதால், ஷ்யாமளாவையும் வேங்கடசுப்ரமணியனையும்கூடப் பக்கவாட்டில் தள்ளி நிற்கச் சொன்னார். வால்வில் ஒரு கையை வைத்து, முகத்தைக் கேஜுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, முள் ஏறுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். முள் குறியைத் தொட்டதும் ஸ்கேல் பிடித்திருந்தவன் நூற்று ஐந்து என்று சத்தமாகச் சொன்னான்.

கோன் அடித்து முடித்த பிறகு அவர் அவளிடம் வந்தார்.

“அந்தத் தாளு எழுதறது நீங்கதானாம்மா? உங்க நம்பரும் என் கேஜும் இதுவரைக்கும் ஒரு நாள்கூடச் சண்டை போட்டதில்ல.”

பிறகு ஒரு பழைய சிமெண்ட் பையிலிருந்து காகிதத் துண்டைக் கிழித்து, கர்டரின் நடுப்பகுதிக்குப் போய், அதன் அடியில் செருகினார். காகிதம் தடையில்லாமல் உள்ளே போயிற்று. காலையில் தரையோடு ஒட்டிக் கிடந்த பத்துப் பன்னிரண்டு டன் கர்டர், கம்பி நெருக்கிய நெருக்கில் நடுவில் மேலே எழும்பியிருந்தது. காகிதத்தின் மறுமுனையைப் பிடித்து இழுத்தபோது ஷ்யாமளாவுக்கு உடம்பு சிலிர்த்தது. தாளில் தான் எழுதிய ஓர் எண் இங்கே ஒரு மலையைத் தூக்கியிருக்கிறது என்று ரயிலில் திரும்பும் வழியெல்லாம் அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது.

பதினோராவது கர்டரிலிருந்து வேறொரு ஆலையின் கம்பி வந்தது. எல்லா எஃகும் ஒரே மாதிரி நீளுவதில்லை. எந்த விசைக்கு எந்த அளவு நீளும் என்பதை ஆலைக்காரர்களே சோதித்து, ஒரு சான்றிதழில் எழுதி அனுப்புவார்கள். பழைய கம்பிக்கு அந்த எண் இருபத்தொரு லட்சம். புதுக் கம்பிக்குப் பத்தொன்பதரை லட்சம். எண் குறைந்தால் நீட்சி கூடும், அதாவது புதுக் கம்பி கொஞ்சம் கூடுதலாக நீளும். சான்றிதழ் நேராக டிசைன் ஆபீசுக்குத்தான் வந்தது. ஒரு மரியாதைக் கடிதத்துக்குப் பின்னால் குண்டூசியால் குத்தப்பட்டு வந்தது. ஷ்யாமளா கடிதத்தைப் படித்து, ‘பார்த்தேன்’ என்று ஓரத்தில் எழுதிக் கோப்பில் போட்டாள். பின்னால் இருந்த தாளைப் புரட்டவில்லை. அன்றைக்கு மாலைக்குள் மீதி இருபது கர்டர்களின் தாள்களையும் முடித்துவிடுவதாக மற்ற இருவர் காதிலும் விழும்படி சொல்லியிருந்தாள். பழைய எண்ணை வைத்து முடித்தும் காட்டினாள். வேங்கடசுப்ரமணியன் இருபது கையெழுத்துகளை வரிசையாகப் போட்டார்.

நவம்பர் மாதம் ஒரு திங்கட்கிழமை பதினொரு மணிக்கு யார்டிலிருந்து சங்கரன் டெலிபோனில் கூப்பிட்டார். பதினோராவது கர்டரில் கம்பி நூற்று ஐந்து மில்லிமீட்டர் நீண்டுவிட்டது, ஆனால் கேஜ் முள் இன்னும் குறியைத் தொடவில்லை, ஜாக்கிக்காரன் இன்னும் இழுக்க வேண்டும் என்று அடம்பிடிக்கிறான், என்ன செய்வது என்று கேட்டார். வேங்கடசுப்ரமணியன் ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு ஷ்யாமளாவைப் பார்த்தார்.

“தாள் சரியா இருக்கோன்னோ?”

மற்ற இருவரும் எந்திரத்தை நிறுத்திவிட்டு அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். கோப்பு அவள் முழங்கைக்குப் பக்கத்தில்தான் இருந்தது.

“சரியாத்தான் இருக்கு சார்,” என்றாள்.

அவர் போனில் அதையே சொன்னார். தாள் சரியென்றால் தப்பு கேஜில் இருக்க வேண்டும், நீளத்தை வைத்து நிறுத்திவிடுங்கள் என்றார். அவ்வளவுதான். ஷ்யாமளா அடுத்த தாளை எடுத்தாள்.

யார்டில் அன்று நடந்ததை அவள் இரண்டு நாள் கழித்து, அதுவும் பாதிதான், கேள்விப்பட்டாள். நூற்று ஐந்தில் நிறுத்திக் கோனை அடிக்கும்படி சங்கரன் சொல்லியிருக்கிறார். ஜெயினுலாப்தீன் மறுத்திருக்கிறார். அழுத்தம் வராமல் கோனை அடித்தால் கர்டருக்குள் ஐம்பது டன் இருக்காது, அப்படியொரு கர்டரைத் தன் கையால் பூட்டமாட்டேன் என்று எல்லாக் கூலிகள் முன்னாலும் சொல்லியிருக்கிறார். சங்கரனுக்கு முகம் சிவந்துவிட்டது. போன வாரம் ஜாக்கியை லாரியிலிருந்து இறக்கும்போது கீழே போட்டுக் கேஜைக் கெடுத்தது நீதான், அதை மறைக்கத்தான் இந்த நாடகம் என்றார். வார்த்தை தடித்தது. மத்தியானச் சாப்பாட்டு வேளைக்குள் ஜெயினுலாப்தீன் யார்டுக்கு வெளியே நின்றார். வேறொருவனை வைத்துப் பதினொன்று, பன்னிரண்டு, பதின்மூன்று, பதினான்கு என்று நான்கு கர்டர்களையும் நூற்று ஐந்திலேயே நிறுத்திப் பூட்டினார்கள்.

ஒன்பதாம் நாள், வேறெதற்கோ அந்தக் கோப்பைப் புரட்டியபோது குண்டூசி ஷ்யாமளாவின் விரலில் குத்தியது. தாளைத் திருப்பினாள். பத்தொன்பதரை லட்சம் என்ற எண்ணைப் பார்த்தாள். எந்திரம் எதுவும் தேவைப்படவில்லை, மனக்கணக்கிலேயே விடை வந்துவிட்டது. நூற்றுப் பதின்மூன்று. அவள் எழுதியதைவிட எட்டு மில்லிமீட்டர் கூடுதல். கேஜ் சரியாகத்தான் காட்டியிருக்கிறது.

அதை வேங்கடசுப்ரமணியனிடம் கொண்டுபோய்க் காட்டினாள். அவர் இரண்டு எண்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சிமெண்ட் பால் ஏற்றிவிட்டார்களா என்று கேட்டார். இல்லை, கம்பி முனைகளைக்கூட இன்னும் வெட்டவில்லை என்றாள். அவர் பெருமூச்சு விட்டார். அப்படியானால் மறுபடி இழுத்துச் சரிசெய்துவிடலாம், பாலத்துக்கு ஒரு குறையும் வராது. ‘புதிய கம்பிக்கேற்பத் திருத்தப்பட்டது’ என்று போட்டு அன்றே ஒரு புதுத் தாள் போயிற்று. ஏன் முதலிலேயே திருத்தவில்லை என்பதைப் பற்றி அதில் ஒரு வரி இல்லை.

“சார், அந்த ஜாக்கிக்காரர்?” என்று கேட்டாள்.

“அது காண்ட்ராக்டர் ஆள். எதுத்துப் பேசினதுக்கு அனுப்பியிருக்கா. நமக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?” என்றார் அவர். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, “நான் எழுதினா ஒன் பேரும் வெளியில வரும் ஷ்யாமளா. பொண்ணைக் கொண்டுவந்து வெச்சா இப்படித்தான்னு நாலு பேர் சொல்லுவா. அப்புறம் இந்த ஆபீஸ்ல இன்னொரு பொண்ணு கால் வைக்க முடியாது. யோசிச்சுக்கோ.”

அவர் சொன்னது பொய்யில்லை. அவர் தன்னையும் காப்பாற்றிக்கொள்கிறார் என்பதும் அவளுக்குப் புரிந்தது. ஆனால் பல வருடங்கள் கழித்தும் அவளை உறுத்தியது அதெல்லாம் இல்லை. அந்த நிமிடத்தில் தன் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியதே, அப்பாடா என்று இருந்ததே, அதுதான். சரி சார் என்று சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தாள். அன்று மத்தியானம் வழக்கம்போலச் சாப்பிடவும் செய்தாள்.

அதற்கப்புறம் அவள் வேகம் குறைந்தது. ஒவ்வொரு சான்றிதழையும் இரண்டு தடவை புரட்டினாள். அவளுக்கு என்ன வந்தது என்று மற்ற இருவரும் ஆச்சரியப்பட்டார்கள். பாலம் அறுபத்தைந்து முடிவதற்குள் எழுந்து நின்றது. சோதனைக்கு ஏற்றிய லாரிகளை அது சுலபமாகத் தாங்கியது. ஜெயினுலாப்தீன் வேறெங்காவது நல்ல இடத்தில் வேலையில் இருப்பார், அவ்வளவு தெரிந்த ஆளை யார் விடுவார்கள் என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அதை அவள் நம்பினாள் என்று சொல்ல முடியாது. விசாரித்துப் பார்க்கவும் இல்லை.

அறுபத்தாறு பிப்ரவரியில் சங்கரன் வேறொரு வேலையாக ஆபீசுக்கு வந்தார். வேங்கடசுப்ரமணியன் உள்ளே யாரோடோ பேசிக்கொண்டிருந்தார். காத்திருந்த நேரத்தில் பேச்சு பழைய பாலத்துக்குப் போயிற்று. ஷ்யாமளாதான் அந்த ஜாக்கிக்காரரைப் பற்றிக் கேட்டாள். சங்கரன் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார். இந்தக் கம்பி இழுக்கிற வேலை செய்கிற கம்பெனிகள் பம்பாயில் மொத்தமே மூன்றோ நான்கோதான். கேஜைக் கெடுத்து மறைத்தவன் என்று எல்லா யார்டுகளிலும் பேச்சுப் பரவிவிட்டது. எங்கேயும் எடுக்கவில்லை. இப்போது மாட்டுங்கா லேபர் கேம்ப் குடியிருப்பில் மச்சினன் கரீம் பாட்சாவின் பட்டறையில் தகரப் பெட்டி செய்கிறாராம்.

“உங்க ரிவிஷன் வந்த அன்னிக்கே எனக்குத் தெரிஞ்சுது, அந்த ஆள் சொன்னதுதான் சரின்னு,” என்றார் சங்கரன். “அத்தனை கூலிக்காரங்க முன்னாடி திட்டி அனுப்பிட்டு மறுபடி எப்படிக் கூப்பிடறது? விட்டுட்டேன்.”

அவள் வீட்டிலிருந்து லேபர் கேம்ப் இருபது நிமிட நடை. பதினைந்து மாதமாக அவ்வளவு பக்கத்தில் அந்த மனிதர் தகரம் வெட்டிக்கொண்டிருந்திருக்கிறார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை, ஒரு தோழி வீட்டுக்குப் போவதாக அம்மாவிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினாள். லேபர் கேம்ப்பின் சந்துகளில் கரீம் பாட்சா பட்டறையைத் தேடிக் கண்டுபிடிக்க அரை மணி பிடித்தது. பட்டறையும் வீடும் ஒன்றுதான். கீழே தகரமும் உலையும், மேலே பலகை அடித்த மாடி. ஜெயினுலாப்தீன் தரையில் உட்கார்ந்து ஒரு பெட்டியின் மூலையை மடித்துத் தட்டிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்து எழுந்துவிட்டார். இடுப்பில் கிடந்த துண்டால் ஒரு ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். மேலேயிருந்து அவர் மனைவி சபுரா இறங்கி வந்தாள். ஆபீஸ் அம்மா என்று அவர் அறிமுகம் செய்துவைத்தார். சபுரா முகம் மலர்ந்து, அவளை உட்காரச் சொன்னாள். பழைய வேலைக்குக் கூப்பிட வந்திருக்கிறாள் என்று நினைத்திருக்க வேண்டும்.

ஷ்யாமளா உட்காரவில்லை. வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த வாக்கியங்கள் ஒன்றும் வரவில்லை. தாளில் இருந்த எண் தப்பு, தப்புச் செய்தது நான், கேஜ் சரி, நீங்கள் சொன்னதும் சரி என்று சொன்னாள். தெரிந்த பிறகும் வாய் திறக்கவில்லை என்றும் சொன்னாள். 

கரீம் பாட்சா சுத்தியலைக் கீழே வைத்தார். ஜெயினுலாப்தீன் துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

“சரியான நம்பர் எவ்வளவும்மா?” என்று கேட்டார்.

“நூத்திப் பதிமூணு.”

“நூத்திப் பதிமூணு,” என்று திருப்பிச் சொன்னார். “எட்டு மில்லி.” தன் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் அந்த அளவுக்கு விரித்து வைத்துக்கொண்டு பார்த்தார். “ஒரு வருசத்துக்கு மேல ஆச்சும்மா. மொதல்ல எனக்குக் கோவமா இருந்திச்சு. நான் பார்த்தது சரின்னு இருந்தேன். பொறவு எல்லாரும் ஒரே மாதிரி சொல்லச் சொல்ல, நாந்தான் தப்பாப் பாத்துட்டேனோன்னு ஆயிட்டு. என் கண்ணுதான் கெட்டுப்போச்சுன்னு நெனச்சேன்.”

“ரெண்டு டாக்டர்கிட்டப் போனாக,” என்றாள் சபுரா. அவள் முகத்தில் இப்போது மலர்ச்சி இல்லை. “கண்ணு நல்லா இருக்குன்னு ரெண்டு பேரும் சொன்னாக. இவுக நம்பல. ராத்திரி தூங்க மாட்டாக.”

அவர் அவளைக் கையமர்த்தினார். ஷ்யாமளா என்ன செய்ய வேண்டும் என்று கேட்டாள். அவர் ஒன்றும் வேண்டாம் என்றார். சபுராதான், இப்போது சொன்னதைக் காகிதத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர முடியுமா என்று கேட்டாள்.

இந்தத் தடவை ஷ்யாமளா யாரிடமும் யோசனை கேட்கவில்லை. திங்கட்கிழமை ஆபீஸ் டைப்ரைட்டரில் தானே உட்கார்ந்து, நடந்ததைத் தேதிவாரியாக அடித்து, தன் பெயரில் கையெழுத்திட்டாள். காண்ட்ராக்ட் கம்பெனி மேனேஜருக்கு ஒரு பிரதி, ஜெயினுலாப்தீனுக்கு ஒன்று, வேங்கடசுப்ரமணியன் மேஜையில் ஒன்று. அவர் அவளைக் கூப்பிட்டுக் கத்தவில்லை. அந்தத் தாள்களில் என் கையெழுத்தும் இருக்கிறதே, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று மட்டும் கேட்டார். அவர் கண்ணில் இருந்தது கோபமில்லை, அதைவிடக் கஷ்டமான ஒன்று. அடுத்த மாதம் அவளைக் கணக்கிலிருந்து எடுத்து வரைபடங்களை நகல் எடுக்கும் பகுதிக்கு மாற்றினார்கள். அவள் இடத்துக்கு ஓர் ஆள் வந்தான். எதிர்பார்த்ததுதான் என்பதால் அவள் அதைப் பெரிதுபடுத்திக்கொள்ளவில்லை. உண்மையைச் சொல்லப்போனால் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது, தண்டனை என்று ஏதோ ஒன்று கிடைத்துவிட்டதைப் போல.

காண்ட்ராக்ட் கம்பெனி மேனேஜர் நியாயமான மனிதர். அவருக்குப் புதிதாக ஒரு பெரிய வேலை கிடைத்திருந்தது, நல்ல ஜாக்கிக்காரர்கள் தேவைப்பட்டார்கள். மழைக்காலம் முடிந்து அக்டோபரில், ஜெயினுலாப்தீனுக்குத் திரும்ப வரச்சொல்லிக் கடிதம் போட்டார். நடந்ததற்கு வருந்துவதாகவும் அதில் ஒரு வரி இருந்தது. இதைச் சங்கரன் மூலமாகக் கேள்விப்பட்ட நாளில் ஷ்யாமளா வெகுநாளைக்குப் பிறகு மனசு லேசாகி, ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து வீடு வந்தாள். தாமதமானாலும் சரியாகிவிட்டது என்று நினைத்தாள்.

நவம்பர் கடைசியில், விசாரித்துவிட்டு வரலாம் என்று மறுபடி லேபர் கேம்ப்புக்குப் போனாள். ஞாயிற்றுக்கிழமை என்பதால் அவர் வீட்டில் இருப்பார் என்று கணக்குப் போட்டிருந்தாள். இருந்தார். அதே இடத்தில், அதே மாதிரி ஒரு தகரப் பெட்டியின் மூலையை மடித்துக்கொண்டிருந்தார்.

லீவா என்று கேட்டாள். அவர் இல்லை என்று தலையசைத்தார். பிறகு, அவள் நின்றுகொண்டே இருப்பதைப் பார்த்து, பெட்டியை ஒதுக்கிவைத்துவிட்டுச் சொல்ல ஆரம்பித்தார்.

வேலைக்குப் போனது உண்மைதான். யார்டில் எல்லாரும் நல்லபடியாகத்தான் நடத்தினார்கள். சங்கரன் தானே வந்து தோளில் கைவைத்துப் பேசினார். முதல் நாள் கேபிளை மாட்டி, பம்பு அடிக்க ஆரம்பித்தார்கள். முள் ஏறியது, குறியைத் தொட்டது. ஸ்கேல்காரன் எண்ணைச் சொன்னான், தாளோடு ஒத்துப்போனது. கோனை அடிக்க வேண்டியதுதான் பாக்கி. அவரால் அடிக்க முடியவில்லை. முள் குறியில்தான் நிற்கிறதா, ஒரு கோடு தள்ளி நிற்கிறதா என்று சந்தேகம் வந்துவிட்டது. பக்கத்தில் இருந்தவனைப் பார்க்கச் சொன்னார். அவன் சரி என்றான். அவனுக்கு என்ன தெரியும் என்று சங்கரனைக் கூப்பிடச் சொன்னார். அவரும் சரி என்றார். அழுத்தத்தை இறக்கிவிட்டு மறுபடி முதலிலிருந்து இழுத்தார். மறுபடியும் அதே சந்தேகம். காலையில் நாலு கேபிள் முடிக்கிறவர், அன்று பொழுது சாய்கிறவரை ஒன்றுதான் முடித்தார். மறுநாளும் அப்படியே. அடுத்த நாளும் அப்படியே.

“யாரும் ஒண்ணும் சொல்லலம்மா. அதுதான் எனக்குக் கஷ்டமா இருந்திச்சு,” என்றார். “எட்டாம் நாளு ஸ்பேனரைச் சங்கரன் சார் கையில குடுத்துட்டு வந்துட்டேன். நீங்க எழுதுன காயிதம் நல்ல காயிதம்தான். நான் பொய் சொல்லலன்னு ஊருக்குத் தெரிஞ்சுட்டு. ஆனா கேஜைப் பாத்தா எனக்கு நம்பிக்கை வர மாட்டேங்கு. ஒரு வருசமா என்னையே நான் நம்பாம இருந்துட்டேன் பாருங்க, அது அப்பிடியே உக்காந்துட்டு.”

கொஞ்ச நாள் பழகினால் சரியாகிவிடும், மேனேஜரிடம் நானே பேசுகிறேன் என்று ஷ்யாமளா படபடவென்று சொன்னாள். அவர் மறுத்துப் பேசவில்லை. ஐம்பது டன் இழுத்து நிற்கிற கம்பிக்கு முன்னால், கை தடுமாறுகிறவன் நின்றால் பக்கத்தில் நிற்கிற நாலு பேருக்கும் ஆபத்து என்று மட்டும் சொன்னார்.  அவர் சொன்னது அவளுக்கே தெரிந்த விஷயம்.

சான்றிதழைத் திருப்பிப் பார்த்த அந்த ஒன்பதாம் நாளை அவள் நினைத்தாள். அன்றைக்கே சொல்லியிருந்தால் அவர் பத்து நாள் வேலையில்லாமல் இருந்திருப்பார். பத்து நாள் கோபமாக இருந்திருப்பார். சங்கரனுக்குக் கொஞ்சம் தலைகுனிவு, வேங்கடசுப்ரமணியனுக்குக் கொஞ்சம் சங்கடம், அவளுக்கு ஒருவேளை வேலை போயிருக்கும். அவ்வளவோடு முடிந்திருக்கும். அவருடைய கோபம் சந்தேகமாக மாறுவதற்கு அவகாசம் இருந்திருக்காது. கர்டர்களை மறுபடி இழுத்துச் சரிசெய்ய முடிந்தது, ஏனென்றால் சிமெண்ட் பால் ஏற்றுவதற்கு முன்பே அவற்றின் குறை தெரிந்துவிட்டது. இந்த மனிதர் விஷயத்தில், சந்தேகம் இறுகிப்போவதற்கு முன்பே சொல்ல அவள் முந்திக்கொள்ளவில்லை.

அவரிடம் மன்னிப்புக் கேட்டாள். போன தடவை தப்பை ஒப்புக்கொண்டாளே தவிர, அந்த வார்த்தையைச் சொல்லியிருக்கவில்லை. அவர் சங்கடப்பட்டு, உங்களுக்கு எதிராக நான் மனசில் ஒன்றும் வைக்கவில்லை, சத்தியமாக இல்லை என்றார். அவர் சொன்னது உண்மை என்று அவளுக்குத் தெரிந்தது. அது அவளுக்கு ஆறுதலாக இருக்கவில்லை.

கிளம்பும்போது, சந்துகளில் வழி தப்பிவிடும் என்று சபுரா மெயின் ரோடு வரைக்கும் கூட வந்தாள். தண்ணீர்க் குழாயில் வரிசையாக நின்ற பெண்களைத் தாண்டி, தோல் காயப்போட்டிருந்த வெளியைத் தாண்டி, இருவரும் நடந்தார்கள். ரோட்டில் பஸ் சத்தம் கேட்கத் தொடங்கிய இடத்தில் சபுரா நின்றாள். முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு, ஷ்யாமளாவின் முகத்தைப் பார்க்காமல் பேசினாள்.

“நீங்க நல்ல மனசோடதான் வாறீக. எனக்குத் தெரியுது. ஆனா இனிமே வராதீங்கம்மா. போன தடவ நீங்க வந்துட்டுப் போனதுக்கு அப்புறம், ஒரு வாரம் அவுக சோறு சரியாத் திங்கல. இப்பத்தான் பெட்டி வேலையில கொஞ்சம் மனசு ஒட்டுது. உங்களப் பாத்தா அவுகளுக்கு அந்த வேலைதான் ஞாபகம் வருது.”

ஷ்யாமளா சரி என்றாள்.  சபுரா திரும்பிச் சந்துக்குள் நடந்தாள். அவள் கண்ணுக்கு மறைகிறவரை பார்த்துவிட்டு, ஷ்யாமளா மாட்டுங்கா பக்கம் நடக்க ஆரம்பித்தாள். அதற்குப் பிறகு அவள் அங்கே போகவில்லை.